கடல் கடந்து வேலைக்குப் போனவர்களின் உடல்நலம்: வடசென்னை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எர்ணாவூர் என்று வடசென்னையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் துபாயிலோ தோஹாவிலோ தம்மாமிலோ சிங்கப்பூரிலோ ஒரு பிள்ளை வேலை பார்க்கும் வீடு இருக்கும். வளைகுடா மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்துவிட்டு இப்போது தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். அக்கம்பக்கத்து அம்மாக்கள் நேரில் கேட்பதும், அவர்களுடைய பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்பதும் இவை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கும் மருத்துவரின் வேலை. மற்றதைப் பேசுவோம்.

சிஸ்டர், ஊரில் இருந்தவரை ஒல்லியாக இருந்தேன். இங்கே வந்து இரண்டு வருடத்தில் தொப்பை விழுந்துவிட்டது. சாப்பாடு ஒன்றும் கூடவில்லையே, எப்படி?

சாப்பாடு கூடாமல் இருக்கலாம் தம்பி, நாள் முழுவதும் மாறிவிட்டதே. ஊரில் தங்கசாலைக்குப் போக நடந்தீர்கள், பஸ்ஸில் நின்றீர்கள், மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கினீர்கள். அங்கே அறை வாசலில் கம்பெனி பஸ் ஏறி வேலை வாசலில் இறங்குகிறீர்கள். இரவு பத்து மணிக்குச் சோறு, பத்தரைக்குப் படுக்கை. நடுவே எத்தனை டீ, எத்தனை கேன் குளிர்பானம் என்பதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மூட்டை தூக்கி, கம்பி கட்டி வேலை செய்யும்வரை உடம்பு கட்டுக்கோப்பாக இருக்கிறது. டிரைவராகவோ சூப்பர்வைசராகவோ ஆன பிறகுதான் தொப்பை விழுகிறது. வேலை மாறினாலும் தட்டில் போடும் சோற்றின் அளவு பழையபடியே இருக்கிறது.

எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது திரும்புவது என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கிறது. உங்கள் கையில் இருப்பவை சில இடங்கள் மட்டுமே: டீ, தட்டு, எண்ணெய், படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து மாற்றினால் போதும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

ஒரேயடியாக வேண்டாம். டீயிலிருந்து தொடங்குங்கள்.

வளைகுடாவில் கரக் டீ என்று குடிக்கிறீர்களே, அது பாலும் சர்க்கரையும் சுண்டச் சுண்டக் கொதித்தது. ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஏறக்குறைய 4 முதல் 5 கிராம். டம்ளருக்கு மூன்று கரண்டி, நாளைக்கு ஐந்து டம்ளர் என்றால் டீயிலேயே 60 கிராமைத் தாண்டிவிடுகிறது. இப்படி வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு கேன் குளிர்பானத்தில் மட்டும் 35 கிராம் அளவுக்கு இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் டம்ளருக்கு அரைக் கரண்டி மட்டும் குறையுங்கள். நாக்குக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அடுத்த இரண்டு வாரம் இன்னும் அரைக் கரண்டி. கடையில் குடிப்பவர்கள் மாலை டீயை மட்டும் சர்க்கரை குறைத்துக் கேளுங்கள், காலை டீ அப்படியே இருக்கட்டும். பழகிய பிறகு காலை டீக்கு வாருங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது சுலபம், கேட்க வேண்டிய சொற்கள் கடைகளில் தயாராகவே இருக்கின்றன. வெறுமனே ‘தே’ என்றால் கெட்டிப்பால் டீ வரும். ‘தே சியூ தாய்’ என்றால் இனிப்புக் குறைவு, ‘தே ஓ கோசோங்’ என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கடையில் வாங்கும் பாட்டில் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் அங்கே ஏ, பி, சி, டி என்று தரம் குறிக்கிறார்கள். டி என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சோறு இல்லாமல் என்னால் முடியாது. சோற்றை விட்டுவிடச் சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன். சோற்றை அடியோடு நிறுத்திய பலரைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் நாள் பிரியாணிக் கடையில் உட்கார்ந்து இரண்டு பங்கு சாப்பிடுகிறார்கள்.

பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். முதலில் தட்டில் பாதிக்குக் காய், கீரை, வெள்ளரி, தக்காளி எதுவானாலும் போடுங்கள். அடுத்த கால் பங்குக்கு மீன், முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை. மிஞ்சிய கால் பங்குதான் சோற்றுக்கு. காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளத் தோன்றாது. குபூஸ் என்கிற அரபு ரொட்டி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று சிலர் நினைக்கிறார்கள். வெள்ளைக் குபூஸ் மைதாதான். கோதுமைக் குபூஸ் கிடைக்கும் இடத்தில் அதை வாங்குங்கள், எண்ணிச் சாப்பிடுங்கள்.

காசிமேட்டு வீடுகளில் பிறந்தவர்களுக்கு அங்கே மீன் வாங்குவதே மனக்குறை. ஐஸ் மீன் ருசிக்கவில்லை என்று கோழிக்கு மாறிவிடுகிறார்கள், அதுவும் பொரித்த கோழி. வஞ்சிரம் விலை கட்டுப்படியாகாது என்றால் மத்தி வாங்குங்கள். மலிவு, உடம்புக்கு நல்ல கொழுப்பு அதில் நிறைய இருக்கிறது. டப்பாவில் அடைத்த மத்தியும் மோசமில்லை, எண்ணெயை வடித்துவிட்டு வெங்காயம், தக்காளி, மிளகு போட்டுப் புரட்டினால் பத்து நிமிடத்தில் ஆகிவிடும். வறுவலைவிடக் குழம்பு நல்லது.

அறையில் எட்டுப் பேர், முறை வைத்துச் சமைக்கிறோம். எனக்கு மட்டும் தனியாகச் சமைத்துக்கொள்ள முடியுமா?

இதுதான் எனக்கு அதிகமாக வரும் கேள்வி. தனியாகச் சமைப்பது நடக்காது. ஒரு அடுப்பு, ஒரு மணி நேரம், வெளியே இரண்டு பேர் பாத்திரத்துடன் காத்திருப்பார்கள். தனிச் சமையல் வைத்துக்கொண்டால் அறையில் மனக்கசப்பும் வரும். மாற்றம் எட்டுப் பேருக்கும் பொதுவாக வர வேண்டும், அதுவும் யாருக்கும் வலிக்காமல்.

எண்ணெய்க் கேனைப் பாருங்கள். பெரும்பாலான அறைகளில் ஐந்து லிட்டர் கேனை அப்படியே சட்டியின் மேல் சாய்க்கிறார்கள். எவ்வளவு விழுந்தது என்பது ஊற்றியவருக்கே தெரியாது. சமையலுக்குக் கண்ணுக்குத் தெரிய ஊற்றும் எண்ணெய் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பேருக்கு ஐந்து லிட்டர் கேன் மூன்று வாரத்துக்கு மேல் வர வேண்டும். உங்கள் அறையில் எத்தனை நாளில் தீர்கிறது? கேனைத் திறந்த தேதியை அதன் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். யாரையும் குறை சொல்லாமலே விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு, மேசைக்கரண்டி ஒன்றைக் கேனின் கைப்பிடியில் கயிற்றால் கட்டுங்கள். கரண்டியால் அளந்துதான் ஊற்றுவது என்று அறையில் பேசி வையுங்கள். எண்ணெய்ச் செலவு குறைவதைப் பார்த்தால் முணுமுணுப்பவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

உங்கள் முறை வரும் நாளில் ஒரு காய் கூடுதலாகச் செய்யுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள், நன்றாகச் செய்து வையுங்கள். பீன்ஸ் பொரியலில் பாசிப்பருப்பைத் தூவி இறக்கினால் எட்டுப் பேர் தட்டிலும் காலியாகும். அடுத்தவர் தன் முறையில் தானாகவே செய்வார்.

உப்பையும் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், உடனடி நூடுல்ஸ், கருவாடு நான்கும் உள்ள அறையில் அந்த அளவு மதியத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். கருவாட்டை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் செய்யுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் தொடாமல் இருப்பது நல்லது.

நாளெல்லாம் வேலை செய்கிறேன். இதற்கு மேல் உடற்பயிற்சி எதற்கு?

கட்டுமானத்தில், கப்பல் பட்டறையில் வேலை என்றால் தனியாக ஓட வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது தூக்கமும், படுக்கும் முன் முதுகையும் தொடையையும் பத்து நிமிடம் நீட்டி விடுவதும்தான். ஆனால் டிரைவர், காவலாளி, கடை கவுன்டர், அலுவலகம் என்றால் நடந்தே ஆக வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை என்பது பொதுவான அளவு.

இதைச் சொல்லும்போது நம் ஊர்க்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. ராயபுரத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் நம் பக்கம் குறைவு. அங்கிருந்த ஆய்வு மையத்தில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்து 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினமும் அரை மணி நேரமாவது நடப்பது, சர்க்கரையையும் தீட்டிய மாவையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது என்று பழக்கத்தை மாற்றியவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை, நோய் மட்டும் தள்ளிப்போனது. எடை மெஷினில் ஏறி இறங்கி, முள் அசையவில்லை என்று நொந்து நடையை நிறுத்தியவர்களிடம் இதை எப்போதும் சொல்வேன். முள் அசையாமலே உள்ளே நல்லது நடக்கிறது.

கோடையில் வெளியே நடக்க வழியில்லை என்றால் பெரிய கடைவளாகங்களுக்குள் நடங்கள், காசு கேட்க மாட்டார்கள். அதைவிட நல்லது, விடுமுறை நாளில் பந்து. வியாசர்பாடிப் பிள்ளைகள் காலில் பந்தோடு வளர்ந்தவர்கள். நான்கு பேரைச் சேர்த்தால் ஒரு திடல் எங்காவது கிடைக்கும். தனியாக நடப்பவர் விடுமுறையன்று தூங்கிவிடுவார், கூட்டாளிகள் எழுப்பினால் போய்விடுவார்.

வெயிலில் வேலை. எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? எனர்ஜி டிரிங்க் குடிக்கலாமா?

எனர்ஜி டிரிங்க் வேண்டாம், அதில் சர்க்கரையும் காஃபீனும் சேர்ந்து வருகின்றன. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை, சிறுநீரகக் கல் சேர்வதற்கும் அதுதான் வழி. வியர்த்துக் கொட்டிய நாளில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து குடிக்கலாம்; சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். லபன் என்று விற்கும் மோரும் நல்லது. கேழ்வரகு மாவு கையில் இருந்தால் இரவே கூழ் காய்ச்சி வைத்து, காலையில் லபன் ஊற்றிக் கரைத்து பாட்டிலில் எடுத்துப் போங்கள். நம் தெருமுனைக் கூழுக்குப் பக்கத்தில் வரும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரையும், கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரையும் திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நிழலில் படுங்கள். கூட வேலை செய்பவர் உளறினாலோ, வாந்தி எடுத்தாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ உடனே நிழலுக்கு இழுத்து, உடையைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸ் எண் அமீரகத்தில் 998, கத்தாரில் 999, சிங்கப்பூரில் 995.

தூக்கம் வருவதில்லை. அதற்கும் மாத்திரையா?

முதலில் போன் பேசும் நேரத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். பிள்ளைகள் டியூஷன் முடித்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்கு அப்பாவுக்குப் போன் போட்டால் அங்கே பதினொன்றரை. பேசி முடித்துப் படுக்க நள்ளிரவு தாண்டும், ஐந்தரைக்கு எழ வேண்டும். இதைப் பெரும்பாலான மனைவிகள் யோசித்திருக்க மாட்டார்கள், கணவர்களும் சொல்ல மாட்டார்கள். சொல்லுங்கள். நாள்தோறும் நம் ஊர் நேரம் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் பேசிவிட்டு, நீண்ட பேச்சை விடுமுறை நாளுக்கு வையுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதியும் கத்தாரும் இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே சிக்கல் நேர்மாறானது, காத்திருந்து தூக்கம் கெடுவது ஊரில் இருக்கும் அம்மாவும் மனைவியும்.

நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள் கட்டிலைச் சுற்றிக் கனமான துணி கட்டி இருட்டாக்குங்கள். ஷிஃப்ட்டின் நடுவே பெரிய சாப்பாட்டைத் தவிர்த்து, சுண்டல், முட்டை, வாழைப்பழம் என்று முடித்துக்கொள்ளுங்கள்.

சிகரெட்டும் உதட்டில் வைக்கும் புகையிலையும்?

இதில் மெல்ல மெல்ல என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு தேதியைக் குறித்து நிறுத்துங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் சட்டப்படியே தடை. வாய்க்குள் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் இருக்கும்போது 1800 11 2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை நிறுத்த உதவி கிடைக்கும்.

மகனுக்கு ஊரிலிருந்து என்ன கொடுத்து அனுப்பலாம்?

அம்மாக்களே, முறுக்கும் ஊறுகாயும் அரைப் பெட்டியை அடைக்க வேண்டாம். கேழ்வரகு மாவு, வறுத்த கடலை, பருப்புப்பொடி, முருங்கைக்கீரைப் பொடி, கொள்ளு, கறிவேப்பிலைப் பொடி அனுப்புங்கள். ஒன்றை மறக்கவே கூடாது: கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். கறிமசாலாவில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் பிள்ளைதான் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வான். மருந்து விஷயத்திலும் அப்படியே. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரைகளை முன் அனுமதி இல்லாமல் அமீரகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கென்று யாராவது மாத்திரைப் பொட்டலம் கொடுத்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

நல்ல சாப்பாடு என்றால் செலவு கூடும். ஊருக்கு அனுப்பும் பணம் குறையுமே, அக்கா?

கடன் அடைக்க வேண்டும், தங்கை கல்யாணம், வீட்டுக்குத் தளம் போட வேண்டும் என்று தன் வயிற்றில் மிச்சம் பிடிக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் கோபம் வராது, மனம்தான் கனக்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குளிர்பானமும் சிகரெட்டும் இரவில் கடையில் வாங்கும் பொரித்த கோழியும் மாதத்தில் எவ்வளவு தின்கின்றன? பருப்பு, முட்டை, மத்தி, முட்டைக்கோஸ், கேரட் இவற்றுக்கு அதில் பாதி கூட ஆகாது.

நோய்க்கு ஆகும் செலவும் இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். அமீரகத்தில் 2025 ஜனவரி முதல் எல்லா அமீரகங்களிலும் தனியார் ஊழியர்களுக்கு முதலாளி காப்பீடு எடுத்தாக வேண்டும். அட்டை பர்ஸில் சும்மா இருக்க வேண்டாம், எந்த மருத்துவமனையில் செல்லும் என்று இன்றே கேட்டு வையுங்கள்.

ஒரு மாதம் ஒழுங்காக இருக்கிறேன், பிறகு விட்டுவிடுகிறேன். எனக்கு மன உறுதி இல்லையா?

இருக்கிறது. நாள்தான் போதவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புதுப் பழக்கம் ஒன்று யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதல் இல்லை என்பதையும் கண்டார்கள். ஆகவே ரமலான் இரவில் நண்பர் வீட்டில் ஹலீம் சாப்பிட்டதற்காக அந்த வாரத்தையே கைவிடாதீர்கள். மறுநாள் டீயில் சர்க்கரை அளவு பழையபடி குறைவாகவே இருக்கட்டும்.

லீவில் ஊருக்கு வரும்போது என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

வந்த முதல் வாரத்திலேயே செய்யுங்கள். எல்லோரும் டிக்கெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் வருகிறார்கள், முடிவைக் கையில் வாங்கவே நேரம் இருப்பதில்லை, மருத்துவர் மறுபடி வரச் சொன்னால் வர முடிவதில்லை. இரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஆகியவை போதும். எச்பிஏ1சி 5.7-க்குக் கீழே என்றால் நல்லது. 5.7 முதல் 6.4 வரை விளிம்பு, ராயபுரத்து ஆய்வில் பார்த்தவர்கள் நின்றதைப் போன்ற இடம். 6.5-ஐத் தொட்டால் மருத்துவர் மறுபடி பரிசோதித்து உறுதி செய்வார். இடுப்புச் சுற்றளவை வீட்டிலேயே தையல் டேப்பால் அளக்கலாம், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது.

ஸ்டான்லி மருத்துவமனையிலும் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரையும் அழுத்தமும் பார்ப்பார்கள். போகும்போது அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவர்களுக்கு மாத்திரை தொடர வேண்டியிருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டு விமானம் ஏறுங்கள். மாத்திரை வீடு தேடி வரும். பரிசோதனை முடிவுகளைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் அடுத்த முறை பார்க்கும்போது ஒப்பிட வேண்டியிருக்கும்.